சீவறதா, தட்டறதா? (பானையும் பட்டை இரும்பும்)

"நம்ம ஊர்க் குயவர்களுக்கு ட்ரிம்மிங் தெரியாதுங்க. பாவம், அதுக்கு வேண்டிய இரும்புக் கருவி வாங்க அந்தக் காலத்துல வசதி ஏது?"

மண்பாண்டம் பழகுற வார இறுதி வகுப்பு எங்க போனாலும் யாராச்சும் ஒருத்தர் இந்த வசனத்தைச் சொல்லிடறாங்க. சொல்றவங்க கெட்ட எண்ணத்துல சொல்றதில்ல, பரிதாபப்பட்டுத்தான் சொல்றாங்க. ஆனா நொய்யல் கரையில குடியிருக்கிற ஒருத்தனுக்கு இது கொஞ்சம் ஓவராத்தான் படும். ஏன்னு இந்தப் பதிவுல சொல்லப் போறேன். கடைசியில, பழைய இரும்புக்கடைச் சாமானை வெச்சு ட்ரிம்மிங் கருவி செய்யறது எப்படின்னும் சொல்றேன். வரலாறு போரடிக்குதுன்னா நேரா அங்க தாவிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

முதல்ல, மண்ணுல கை வெக்காத மக்களுக்காக ஒரு விளக்கம். சக்கரத்துல வனைஞ்ச பாத்திரத்துக்கு அடிப்பக்கம் எப்பவுமே தடிமனா இருக்கும். அடி தடிமனா இருந்தாத்தான் மேல் சுவர் சரியாம நிக்கும். அறுத்து எடுத்து பாதி காய வெச்சு (நகம் பதியணும், ஆனா விரல்ல மண் ஒட்டக்கூடாது, அதுதான் பதம்) சக்கரத்துமேல கவுத்து வெச்சு, கூரான இரும்பால அந்த அதிகப்படி மண்ணைச் சீவி எடுப்பாங்க. மாங்காய்த் தோல் மாதிரி சுருள் சுருளா மண் வரும். அடியில ஒரு வளையமும் கிடைக்கும். காப்பிக் கோப்பையைக் கவுத்துப் பாருங்க, அந்த வளையம்தான். இந்த வேலைக்குப் பேர்தான் ட்ரிம்மிங். நான் சீவுறதுன்னு சொல்லிக்கறேன்.

நம்ம பொங்கப் பானைக்கு இந்த வளையம் கிடையாது. ஏன் கிடையாது? இரும்பு இல்லாததாலயா?

இரும்பு இல்லாத ஊரா இது?

திருப்பூர்ல இருந்து நொய்யலோடவே கிழக்கே போனா, ஆத்துக்கு வடகரையில கொடுமணல்னு ஒரு ஊர். இப்ப ஈரோடு மாவட்டம். சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர். பதிற்றுப்பத்துல கபிலரும் அரிசில்கிழாரும் 'கொடுமணம்'னு பாடினது இந்த ஊரைத்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 1980கள்ல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்க தோண்ட ஆரம்பிச்சது. பேராசிரியர் கா. ராஜன் இந்த ஊரை விடாம ஆராய்ஞ்சவர். 2012லயும் 2013லயும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சார்பா அவரே மறுபடி வந்து தோண்டினார்.

கல்மணி வேலைக்குப் பேர் போன ஊர் இது. படியூர் பச்சைக்கல், சிவன்மலை நீலக்கல், வெங்கமேடு பளிங்கு, எல்லாம் சுத்துவட்டாரச் சரக்கு. பதிவர்கள் பலரும் அதைப் பத்தி எழுதிட்டாங்க. நான் பேச வந்தது இரும்பு பத்தி. அங்க இரும்பு உருக்கின உலையும் கிடைச்சது, எஃகு செஞ்ச மூசைகளோட உடைஞ்ச துண்டுகளும் கிடைச்சது. இரும்புக்கல்லு பக்கத்துலயே, சென்னிமலைப் பக்கம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இரும்பைத் தாண்டி எஃகு வரைக்கும் போன ஊருங்க இது.

மூசைன்னா என்ன? உலோகம் உருக்குற சின்ன மண் கிண்ணம். தென்னிந்தியாவுல எஃகு செஞ்ச முறை இதுதான்: தேனிரும்புத் துண்டை மண் மூசைக்குள்ள போட்டு, கூடவே கொஞ்சம் விறகும் இலையும் வெச்சு, வாயை மண்ணாலேயே பூசி மூடி, உலையில வெச்சு ஊதுவாங்க. உள்ள இருக்கிற விறகு கரியாகி, அந்தக் கரி இரும்புல ஏறினா எஃகு. 1800ல மைசூர் தொடங்கி நம்ம கொங்கு வழியா மலபார் வரைக்கும் போன பிரான்சிஸ் புக்கானன், மைசூர்ச் சீமையில ஆவாரங்குச்சியை உள்ள வெச்சதைக் குறிச்சு வெச்சிருக்கார் (அவர் புத்தகம் வந்தது 1807ல). பரங்கிப்பேட்டையில இரும்பாலை நடத்தின ஹீத்துங்கற வெள்ளைக்காரர் 1839ல எழுதினப்ப, ஆவாரங்கட்டையோட எருக்க இலையையும் சேர்த்துச் சொன்னார். நம்ம ரோட்டோரம் சும்மா மொளைச்சுக் கிடக்கிற ரெண்டு செடி! இந்த 'ஊட்ஸ்' எஃகைப் பத்தி லண்டன் ராயல் சொசைட்டியில 1795லயே கட்டுரை வாசிச்சாங்க. மைக்கேல் ஃபாரடே (ஆமாங்க, கரண்ட்டு ஃபாரடேதான், கொல்லர் வீட்டுப் பிள்ளை) இதை ஆராய்ஞ்சு பார்த்தார்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் மூசைதான். சாதாரணமா ஊர்ச் சூளை ஏறுற சூடு 700, 800 டிகிரி. எஃகு மூசை 1,300 டிகிரிக்கு மேல தாங்கணும். தென்னிந்திய மூசைகளை வெட்டிச் சோதிச்சவங்க அதுல நெல் உமியைப் பார்த்திருக்காங்க. மண்ணோட உமியைப் பிசைஞ்சா, உள்ள வெந்து கருகி மூசைக்கு உறுதி தருது. அந்தச் சூட்டுக்கு மண்ணைப் பழக்கத் தெரிஞ்ச நாடு இது. இரும்பு உருகினதே மண்ணோட தயவுலதான்.

ஆக, "இரும்புக்கு வழியில்லை"ங்கற கதை இங்க நிக்காது. பின்னாலயும் அதே நிலைமைதான். கொங்கு கிராமத்துல கொல்லர் பட்டறையும் இருந்தது, குயவர் வீடும் இருந்தது. ரெண்டு பேருக்கும் அறுப்பு முடிஞ்சா களத்துலயே தானியம் அளந்தாங்க. ஏர்க்கொழு அடிச்சுத் தந்த கொல்லருக்கு, வளைஞ்ச ஒரு சின்னத் தகடு அடிச்சுத் தர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கேட்டிருந்தா கிடைச்சிருக்கும். கேக்கலை. ஏன்னா தேவைப்படலை.

பானை எங்க உக்காருது?

நம்ம குயவர் செய்யற வேலையைக் கவனிச்சுப் பார்த்திருக்கீங்களா? சக்கரத்துல இருந்து நூலால அறுத்து எடுக்கறப்ப பானைக்கு அடியே இருக்காது. ஓட்டையா, தடிமனா, பாக்க அவ்வளவு லட்சணமா இருக்காது. அதைப் பாதி காய வெச்சு மடியில வெச்சுக்குவாங்க. உள்ள ஒரு கையில உருண்டைக் கல்லு, வெளிய இன்னொரு கையில மரப்பலகை. தட்டு.. தட்டு.. தட்டு.. கல்லுக்கும் பலகைக்கும் நடுவுல மண் மெலிஞ்சு விரிஞ்சு, ஓட்டை மெல்ல மெல்ல மூடி, உருண்டையா அடி வந்துடும். பானை சக்கரத்துல இருந்ததைவிடப் பெருசாயிடும்.

இங்கதான் விஷயமே இருக்குங்க. சீவறதுல அதிகமா இருக்கிற மண்ணை எடுத்துடறோம். தட்டறதுல அந்த மண்ணை வேற இடத்துக்கு நகர்த்தறோம். சீவினா கீழ மண் குவியும். தட்டினா ஒரு பொட்டு மண் கீழ விழாது. அதே உருண்டை மண்ணுல பெரிய பானை, மெல்லிசான சுவர். தட்டு வாங்கி இறுகின மண் லேசுல கீறல் விடாது. மானாமதுரைக் கடம் அந்தச் சத்தம் தர்றதுக்கும் இந்தத் தட்டுதான் காரணம். எத்தனை அடி, எவ்வளவு சீரா விழுதுங்கறதுலதான் கடத்தோட நாதமே இருக்கு.

சரி, உருண்டை அடி எதுக்கு? நம்ம அடுப்பு மூணு கல்லு. மூணு கல்லுல தட்டை அடிப் பாத்திரத்தைவிட உருண்டை அடிதான் ஒழுங்கா உக்காரும். தட்டை அடியில தீ பட்டா, அடி சேர்ற மூலையில விரிசல் விடும். உருண்டைக்கு மூலையே கிடையாது, சூடு சீராப் பரவும். அடுப்புல இருந்து இறக்கினா பிரிமணை. தண்ணி எடுத்து வந்தா தலையில சும்மாடு, இல்லாட்டி இடுப்பு. மேசைங்கற சாமான் நம்ம சமையக்கட்டுல இருந்ததே இல்ல. பெருங்கற்கால இடங்கள்ல சுட்ட மண்ணுல செஞ்ச பிரிமணைகள் நிறையக் கிடைச்சிருக்கு. அதாவது, அடிக்கு வளையம் வேணும்னா அதைத் தனியா செஞ்சு கீழ வெச்சுக்கிட்டாங்க!

கோப்பைக்கு வளையம் வந்த கதை வேற. சீனா, ஜப்பான், கொரியாவுல பாத்திரத்துக்கு மேல கண்ணாடிப் பூச்சு. சூளையில அந்தப் பூச்சு உருகும். அடியிலயும் பூசியிருந்தா சூளைத் தட்டோட ஒட்டிக்கும். அதனால அடியில ஒரு சின்ன வளையத்தைச் செதுக்கி, அதை மட்டும் பூச்சு இல்லாம விட்டு, அதுமேல நிக்க வெச்சாங்க. அதுக்குத்தான் கூரான இரும்பு வேண்டியிருந்தது. நம்ம பானைக்குப் பூச்சே இல்ல. சூளையில ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி, வைக்கோல் போட்டு, மேல சேறு பூசிச் சுடலாம். எதுவும் எதோடயும் ஒட்டாது. சீவ வேண்டிய அவசியமே வரலை.

ஒரு பாத்திரம் எங்க உக்காருதுங்கறதுதான் அதைச் செய்யற கருவியை முடிவு பண்ணுது. மூணு கல் அடுப்புன்னா தட்டுப்பலகை. சூளைத் தட்டும் மேசையும்னா சீவுற இரும்பு. இதுல ஏழை, பணக்காரன் பேச்சுக்கே இடமில்லைங்க.

அதுக்காகக் கொடுமணல்ல இரும்பு பானையைத் தொடவே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. தொட்டிருக்கு, ஆனா வேற வேலைக்கு. அங்க தமிழி எழுத்துப் பொறிச்ச ஓடுகள் நூத்துக்கணக்குல கிடைச்சிருக்கு. பெரும்பாலும் எல்லாமே சுட்டதுக்கு அப்புறம் கூரான முனையால கீறினது. 'சம்பன் சுமணன்'னு ஒரு பேர். சுட்டபிறகு கீறினதுன்னா, செஞ்சவரைவிட வாங்கினவர் தன் பேரைப் போட்டுக்கிட்டதாத்தான் எடுத்துக்கத் தோணுது. கல்யாண வீட்டுக்குக் குடுத்தனுப்புற அண்டாவுல நம்ம அம்மாக்கள் பேர் வெட்டி வெப்பாங்களே, அதேதான் :-)

சீவுற இரும்பு இங்க வந்த கதை

ஆங்கிலேயர் காலத்துல ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு, சீமை இரும்பு கப்பல்ல வந்து இறங்கினது. 1860கள்ல சென்னையில இருந்து மேற்குக் கடற்கரை வரைக்கும் ரயில் பாதை திருப்பூர் வழியா போயிடுச்சு. உள்ளூர் உலைகள் ஒவ்வொண்ணா அணைஞ்சது. கொல்லர் இரும்பு உருக்கறதை விட்டுட்டு, வந்து இறங்கின இரும்பை அடிக்கறவர் ஆனார். ஆவாரங்குச்சிக்கும் எருக்க இலைக்கும் வேலை போச்சு.

ரெண்டாவது, பஞ்சு. பஞ்சை அழுத்திப் பேலாக்கி, இரும்புப் பட்டை போட்டுக் கட்டுனாங்க. பஞ்சு வியாபாரத்துல வளர்ந்த திருப்பூருக்கு அந்தப் பட்டை புதுசே இல்ல. 1920கள்ல இங்க பனியன் கம்பெனி ஆரம்பிச்சு, 1980கள்ல ஏற்றுமதி பிடிச்சபிறகு, மிஷினு, ஊசி, பிளேடு, பட்டைன்னு எஃகு இங்க கழிவாவே கொட்ட ஆரம்பிச்சது. கொடுமணல்ல ஒரு மூசை எஃகுக்கு அவ்வளவு பாடு! அதே நொய்யல் கரையில இன்னிக்கு எஃகு எடைக்குப் போகுது.

கருவி வந்தாச்சு, அதைப் பிடிக்கற கை எங்கிருந்து வந்தது? 1850ல சென்னையில ஹண்டர் தொடங்கின கலைப்பள்ளியில மேலைநாட்டு முறை மண்பாண்டம் சொல்லித் தந்தாங்க. ஆனா இன்னிக்கு நம்மள மாதிரி பொழுதுபோக்கு ஆசாமிங்க வரைக்கும் அது பரவினதுக்கு முக்கியக் காரணம் பாண்டிச்சேரி. 1971ல ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்க கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை ஆரம்பிச்சாங்க. டெபோரா ஜப்பான்ல பிசென்ங்கற பானை ஊர்ல பழகினவர். பூச்சு போட்ட, அதிகச் சூட்டுல சுட்ட தட்டும் கோப்பையும் அங்க செஞ்சாங்க. அங்க படிச்சவங்க நாடு பூரா பரவினாங்க. அவங்களோட அடிவளையமும் சீவுற இரும்பும் பரவினது.

ஜப்பான்காரங்க அந்த இரும்பைக் 'கன்னா'ங்கறாங்க (நம்ம கன்னாருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல!). அவங்க தச்சரோட இழைப்புளிக்கும் அதே பேருதான். அதைக் கடையில வாங்கித்தான் ஆகணும்னு அவசியமில்லைங்க. பட்டை இரும்பை வெட்டி, நுனியை வளைச்சு, தீட்டி, குயவர்களே தனக்குத் தானே செஞ்சுக்கறது அங்க வழக்கம். அவங்கவங்க கைக்கு ஏத்த கோணம்.

நீங்களே செய்யலாம்

ஆகவே மக்களே, பழைய இரும்புக்கடைக்குப் போங்க. ஒரு டீ, வடை காசுக்கு வருஷத்துக்கு வேண்டிய கருவி கிடைச்சுடும்.

1. பேல் பட்டை: கால் அங்குலத்துல இருந்து அரை அங்குல அகலம் வரைக்கும் தோதா இருக்கும். ஒரு சாண் நீளம் வெட்டி, ஒரு பைப்பு மேல வெச்சு நடுவுல வளைச்சா வாழைப்பூ இதழ் மாதிரி ஒரு வளையம் வரும். ரெண்டு நுனியையும் சேர்த்து மூங்கில் துண்டைப் பிளந்து உள்ள செருகி, செம்புக் கம்பியால இறுக்கிச் சுத்துங்க. வளையத்தோட ஒரு ஓரத்தை மட்டும் அரத்தால வெளிப்பக்கம் சாய்வா ராவுங்க. ரெண்டு பக்கமும் ராவினா மண்ணைக் குடையும், சீவாது. இந்தப் பட்டையை நெருப்புல காட்டாதீங்க. குளிர்ந்த நிலையில உருட்டி முறுக்கேத்தின எஃகு அது, சூடு பட்டா முறுக்கு போயிடும். நாக முலாம் பூசின பட்டையா இருந்தா கண்டிப்பா சுடவே கூடாது, அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

2. கன்னா: அதே பட்டையில இன்னும் கனமானது, ஒன்னரைச் சாண் நீளம். நுனியில ஒரு அங்குலம் விட்டு நேர்கோணமா வளைச்சு, வளைஞ்ச பகுதியை வேப்பிலை வடிவத்துல ராவுங்க. இன்னொரு நுனியை வட்டமா. ஒரே கருவியில ரெண்டு வேலை.

3. ஆக்ஸா பிளேடு: உடைஞ்ச துண்டே போதும். வளைக்கணும்னா பச்சையா வளைக்க முடியாது, பட்டுனு உடையும். சாதா கார்பன் பிளேடா இருந்தா செக்கச்செவேல்னு சூடாக்கி, மெதுவா ஆறவிட்டா மெதுவாயிடும். வளைச்சு, வடிவம் ராவி, மறுபடி செவக்க வெச்சு எண்ணெயில முக்கினா திரும்ப விறைக்கும். கொஞ்சம் லேசா சூடு காட்டினா நொறுங்கற குணம் தணியும். இது நடக்கக் காரணம் அதுல இருக்கிற கரி. கொடுமணல் மூசைக்குள்ள ஏறின அதே கரிதான். கண்ணாடி போட்டுக்கிட்டு செய்யுங்க.

4. கட்டிங் மிஷின் பிளேடு: இது நம்ம ஊர் ஸ்பெஷல். கட்டிங் மாஸ்டர் துணி அடுக்கை வெட்டுற நேர் பிளேடு, தீட்டித் தீட்டி ஒல்லியானதும் கழிச்சுடுவாங்க. அருமையான எஃகு. தட்டோட அடியைச் சமன் பண்ண இதுக்கு மிஞ்சினது இல்ல. ஒரு ஓரம் சவரக்கத்தி மாதிரி இருக்கும், அந்த ஓரத்தை முதல்ல மழுங்கடிச்சுட்டு வேலையைத் தொடங்குங்க.

5. நிட்டிங் ஊசி, சைக்கிள் போக்ஸ் கம்பி: கோடு கீற, ஓட்டை போட. பழைய பேனாக் கூட்டுக்குள்ள எம்சீல் வெச்சு நட்டுடலாம். தையல் மிஷின்ல உடைஞ்ச ஊசியை மட்டும் கேக்காதீங்க. ஏற்றுமதிக் கம்பெனிகள்ல உடைஞ்ச ஊசியோட ஒவ்வொரு துணுக்கையும் தேடிப் பிடிச்சு ரெஜிஸ்டர்ல ஒட்டிக் கணக்குக் காட்டணும். துணியில ஒரு துணுக்கு போயிட்டா ஆர்டருக்கே ஆபத்து.

இதெல்லாம் கையோட செஞ்சு வெச்சுக்கிட்டு, கூடவே இன்னொண்ணும் செய்யுங்க. ஆத்துல கைக்கு அடங்கற ஒரு வழவழப்பான உருண்டைக் கல்லைத் தேடி எடுங்க. ஒரு மரப்பலகையும் செதுக்கிக்குங்க. ஒரே எடையில ரெண்டு மண் உருண்டை எடுத்து, ஒண்ணைச் சீவி முடிங்க, இன்னொண்ணைத் தட்டி முடிங்க. சீவறதை ஒரு வாரத்துல ஓரளவு பிடிச்சுடலாம். தட்டறது அப்படி இல்ல. சுவர் எங்க மெலிஞ்சிருக்குன்னு உள்கை சொல்லணும், வெளிக்கை கேக்கணும். கல்லும் பலகையும் ஒரே இடத்துல சந்திக்கலைன்னா பானை கிழிஞ்சிடும். "கருவி இல்லாதவங்க"ன்னு யாரைப் பத்திப் பரிதாபப்பட்டோமோ, அவங்க கருவி எங்க இருந்ததுன்னு அப்பத் தெரியும்.

இன்னொரு கணக்கும் மாறிப் போச்சு. அன்னிக்கு எஃகு அருமை, மண் குளத்துல கிடந்தது. இன்னிக்கு எஃகு எடைக்குக் கிடைக்குது, மண்ணுக்கு அனுமதி வேணும். குளத்து வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமில்லாம எடுக்கலாம்னு 2017ல அரசு விதி கொண்டு வந்தது. 2024ல தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கிக்கலாம்னு அதை எளிமையாக்கினாங்க. அப்படிக் கிடைக்கிற மண்ணுல ஒரு பொட்டுக்கூடச் சிந்தாத வேலைமுறை ஒண்ணு நம்மகிட்ட இருக்கு. அதைத் தெரிஞ்சவங்கதான் குறைஞ்சுக்கிட்டே போறாங்க. பொங்கலுக்கும் தீச்சட்டிக்கும் மட்டும் ஆர்டர் வர்ற வீட்டுல, பிள்ளைங்க பனியன் கம்பெனிக்குப் போறதை யாரும் தப்புச் சொல்ல முடியாது. ஆனா "அவங்களுக்குத் தெரியாது"ன்னு மட்டும் சொல்லாம இருக்கலாமே.

சீவின சுருளை எல்லாம் ஒரு பக்கெட்டுல தண்ணி ஊத்திப் போட்டு வைங்க. ரெண்டு நாள்ல ஊறிடும், மறுபடி பிசைஞ்சுக்கலாம்.

பி.கு: அந்தத் தட்டுப்பலகைக்கும் உள்ள பிடிக்கிற கல்லுக்கும் ஊருக்கு ஊர் வேற வேற பேர் இருக்கும். நெல்லை, மதுரை, தஞ்சை, யாழ்ப்பாணப் பதிவர்களே, உங்க ஊர்ல என்ன சொல்றாங்கன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. சொல்றவங்களுக்கு ஒரு கட்டிங் பிளேடு கன்னா பார்சல்ல வரும் :-)